தலைக்கனம் பிடித்த குதிரை

பொங்கல் விழா மேடையில் குதிரையின் கழுத்து முறிந்தபோது மணி ஐந்தே முக்கால். ராஜா வேஷம் கட்டிய ஒன்பதாம் வகுப்புப் பையன் கட்டைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நையாண்டி மேளம் வேகம் பிடிக்கிற இடத்தில் குதிக்க ஆரம்பித்தான். மூன்றாவது குதியில் ‘சொத்’தென்று ஒரு சத்தம். ஏதோ உடைந்தது என்று சொல்லும்படியான சத்தம்கூட இல்லை. துவைத்த துணி கொடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தால் கேட்குமே, அப்படி. குதிரையின் தலை மார்போடு மடங்கித் தொங்கியது. உள்ளே ஓடிய கட்டுக்கம்பி ஒன்றுதான் அதை விடாமல் பிடித்திருந்தது. குதிரை தண்ணீர் குடிக்கக் குனிகிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பையன் சமர்த்து. லகானைச் சுருட்டிப் பிடித்து, இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டே இறங்கினான். அவனுக்குக் கீறல்கூட இல்லை.

அந்தப் பொய்க்கால் குதிரையைச் செய்தவன் நான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். மறுநாளே அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் புதிய குதிரையின் கழுத்தும் அடுத்த பொங்கலுக்கு முறிந்திருக்கும். அதனால் மூன்று சனிக்கிழமைகள் செலவழித்து, முறிந்த குதிரையை அறுத்துப் பார்த்தோம். பார்த்ததையும் அதன் பிறகு செய்ததையும் எழுதிவைக்கிறேன்.

தோளில் ஏறும் சிற்பம்

பொய்க்கால் குதிரையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. குதிரையின் உடம்பு, கழுத்து, தலை எல்லாம் ஒரே கூடு. முதுகில் ஒரு திறப்பு இருக்கும். ஆடுபவர் அதற்குள் இறங்கி நின்று, கூட்டை இரண்டு பட்டைகளால் தோளில் மாட்டிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே சுற்றிலும் துணி தொங்கும். அந்தத் துணிக்குள் அவர் நிற்பது மரத்தாலான கட்டைக்காலில். பார்க்கிறவர்களுக்கு ராஜாவும் ராணியும் ஆளுக்கொரு குதிரையில் வருவதுபோல் இருக்கும். கட்டைக்காலில் நிற்பவருக்குக் கணுக்கால் உதவாது. ஓரிடத்தில் சும்மா நின்றால் சாய்ந்துவிடுவார். ஆட்டம் முடிகிற வரை காலை மாற்றி மாற்றி வைத்தபடியே இருக்க வேண்டும். ஆக, இது ஒரு நொடிகூட அசையாமல் இருக்காத சிற்பம். ஒவ்வொரு அடிக்கும் அதன் தலை மேலும் கீழும் ஆடும். இதை நான் யோசிக்கவே இல்லை.

யோசிக்காததற்குக் காரணம் பிள்ளையார்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் விநாயகர் சதுர்த்திக்கு மாணவர்களோடு சேர்ந்து காகிதக்கூழில் பிள்ளையார் செய்திருந்தேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை வந்த பிறகு, காகிதக்கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும் சேர்த்துச் செய்யும் சிலைகளைப் பற்றிப் பேச்சு அதிகமாயிற்று. நாங்களும் இறங்கினோம். பழைய பேப்பரைக் கிழித்து இரவெல்லாம் ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் அரைத்து, கிழங்கு மாவுப் பசை ஊற்றிப் பிசைந்து, அச்சில் அமுக்கினோம். மூன்றடிப் பிள்ளையார் ஜம்மென்று வந்தார். ஊரே பாராட்டியது. காகிதக்கூழ் என் கைக்கு வசப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறவர். அவருடைய தலையின் கனம் கழுத்து வழியாக வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து பீடத்துக்கும் நேராக இறங்குகிறது. போதாததற்கு, அவர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தண்ணீரில் கரைய வேண்டியவர். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தண்ணீரைக் கண்டதும் கரைகிற ஒன்றின் கைப்பக்குவத்தை, வருஷக்கணக்கில் குதிக்க வேண்டிய ஒன்றுக்குப் பயன்படுத்தினேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

முதல் குதிரை

ஐப்பசியில் தொடங்கினோம். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டுக்கம்பியால் முடுக்கி உடம்புக்குச் சட்டம். அதன்மேல் பேப்பர்த் தாள்களைப் பசை தடவி ஐந்து அடுக்கு ஒட்டினோம். உடம்பு வரை சரி. கழுத்துக்கும் தலைக்கும் வந்தபோது எனக்குள் இருந்த சிற்பி விழித்துக்கொண்டான். நரம்பு புடைத்த கழுத்து வேண்டும், சுருள் சுருளாகப் பிடரி வேண்டும், மூக்கு விடைத்திருக்க வேண்டும். இதெல்லாம் தாளில் வராது, கூழில்தான் வரும். பேப்பரைப் பந்து பந்தாகச் சுருட்டி நூலால் கட்டி, அதன்மேல் கூழை அப்பினேன். அழகு கூடக் கூடக் கனமும் கூடியது. கழுத்தடியில் கூழ் இரண்டு அங்குலத் தடிமன் இருந்தது.

வெளியே அடைமழை. மேல்தோல் மூன்று நாளில் இறுகியது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. காஷ்மீரில் இந்தக் கைத்தொழிலில் உருச் செய்பவர் வேறு, வண்ணம் தீட்டுபவர் வேறு. முதல் வேலைக்கு சக்த்சாஸி என்றும் இரண்டாவதற்கு நக்காஷி என்றும் தனித்தனிப் பெயரே உண்டு. இங்கே இரண்டும் நானே. என்னில் இருந்த வண்ணக்காரனுக்கு உருக்காரன் காயும் வரை பொறுமை இல்லை. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மினுமினுவென்று வெள்ளை எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் வருவார். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் குதிரை கட்டி ஆடியவர், தன் குதிரையைத் தானே செய்துகொண்டவர். எங்கள் குதிரையைப் பார்த்ததும் கழுத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“குதிரை நல்லாருக்கு வாத்தியாரே. ஆனா ஊமையா இருக்கே?”

கனைக்கவில்லை என்று கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அறுத்துப் பார்த்தது

ஆக்சா பிளேடால் கழுத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். பிளேடு வெள்ளைத் தோலைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதலில் வந்தது வாசனை. புளித்த மாவும் மூடிவைத்த ஈரத்துணியும் சேர்ந்த நாற்றம். இரண்டு பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். பசை மூன்று நாள் பழையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீணாக்க வேண்டாமே என்று மிச்சப் பசையைக் கூழில் கலந்திருந்தேன்.

வெட்டுமுகத்தில் மூன்று நிறம் தெரிந்தது. வெளியே பெயின்டும் பட்டியும் சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடு. அதற்குள்ளே அரை அங்குலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கெட்டியான கூழ். அதற்கும் உள்ளே கறுத்த, பச்சைப் புள்ளி பூத்த, ஈரமான ஒரு வஸ்து. விரலால் அமுக்கினால் குழிந்தது, கிள்ளினால் உப்புமாபோல் உதிர்ந்தது. கட்டுக்கம்பி முழுக்கத் துரு. அந்த ஈரக் கூழில் 200 கிராம் எடுத்து, வீட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்து, மொட்டைமாடியில் நாலு நாள் வெயிலில் வைத்தேன். 128 கிராம்தான் மிஞ்சியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பெயின்ட் அடித்து ஐந்து வாரம் ஆகியும், அந்த எனாமல் ஒரு சொட்டு ஈரத்தைக்கூட வெளியே விடவில்லை.

குதிரையைப் பாகம் பாகமாகப் பிரித்து எடை போட்டோம். மொத்தம் 9.4 கிலோ. அதில் மூங்கில் சட்டம் 1.3, உடம்புக் கூடு 3.6, துணி, ஜிகினா, பெயின்ட் வகையறா 1.1. கழுத்தும் தலையும் மட்டும் 3.4 கிலோ, தலை தனியாக 1.9. உடம்புக்கு ஈடாகக் கழுத்தும் தலையும் கனத்திருக்கின்றன.

இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தலை, கழுத்தடியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. கழுத்தடியின் மேல் பக்கத்துக்கும் கீழ் பக்கத்துக்கும் இடையே பிடிமானம் சுமார் 10 சென்டிமீட்டர். ஆக 1.9 கிலோ தலை, கழுத்தடியின் மேல்பக்கத்தை ஏழரைக் கிலோவுக்கு மேல் இழுக்கிறது. இது குதிரை சும்மா நிற்கும்போது. குதித்து இறங்கினால் அந்த இழுப்பு இரண்டு மூன்று மடங்காகும். “சார், மேல்பக்கம் பிய்க்கப் பார்க்குது, கீழ்ப்பக்கம் நசுக்கப் பார்க்குது. உங்க கூழ் நசுக்கினா தாங்கும். பிய்ச்சா தாங்குமா?”

தாங்காது. பேப்பர் என்பதே நார்களின் பின்னல். தாளாக இருக்கும்போது நீளநீளமான நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. இழுத்தால் அந்தப் பிணைப்பு எதிர்த்து நிற்கும். ஊறவைத்து அரைத்தால் நார் துண்டுபட்டுக் குட்டையாகிறது, பின்னலும் கலைந்துபோகிறது. அதன்பிறகு அதைக் கட்டி வைத்திருப்பது பசை ஒன்றுதான். பசை காய்ந்தாலாவது கொஞ்சம் பிடிக்கும். எங்கள் கழுத்தில் அதுவும் காயவில்லை. முறிவு மேல்பக்கத்தில் தொடங்கிக் கீழ்ப்பக்கத்தில் மடிந்து நின்றிருந்தது. ஆசிரியை கணக்குப்படி எங்கே பிய்ய வேண்டுமோ சரியாக அங்கேயே.

ராணிக் குதிரை ஏன் பிழைத்தது

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் ஆய்வின் திருப்பம். “ராணிக் குதிரை அதே மேடையில அதே ஆட்டந்தானே சார் ஆடிச்சு? அது ஏன் முறியல?”

ராணிக் குதிரையும் அதே மாதத்தில், அதே பசையில் செய்ததுதான். ஆனால் அதன் கழுத்துக்கு வரும்போது அரைத்த கூழ் தீர்ந்துபோயிருந்தது. மழையில் மறுபடி ஊறவைத்து அரைக்கச் சோம்பல்பட்டு, பிள்ளைகள் தாளையே சுருட்டி ஒட்டி, நடுவில் யார் வீட்டிலிருந்தோ வந்த பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி முடித்துவிட்டார்கள். கழுத்து ஒல்லியாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. “இது குதிரையா, ஒட்டகச்சிவிங்கியா?” என்று நான் திட்டியதும் நினைவிருக்கிறது.

அதன் கழுத்தில் ஓர் ஓரமாக ஓட்டை போட்டுப் பார்த்தோம். உள்ளே காய்ந்து கிடந்தது. தாள் ஏடு ஏடாகப் பிரிந்ததே தவிர, குறுக்கே கிழிக்க முடியவில்லை. வேட்டித் துணி பசையில் ஊறி இறுகித் தோல் மாதிரி ஆகியிருந்தது. நான் திட்டிய கழுத்து நின்றது, நான் ரசித்து ரசித்துச் செய்த கழுத்து விழுந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் அன்றைக்கு வகுப்பை முடித்தேன்.

இப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கற்பதற்குக் காகிதக்கூழ் ஏற்றதுதான். 19ஆம் நூற்றாண்டில் லூயி ஓசூ என்ற பிரெஞ்சு மருத்துவர் (1797–1880) மனித உடலைக் காகிதக்கூழில் செய்து விற்றார். தசை, எலும்பு, குடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்ப மாட்டலாம். அறுத்துப் படிக்கப் பிணங்கள் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம், கிடைத்தாலும் அழுகிவிடும். அவர் செய்தவற்றில் குதிரையும் உண்டு, கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்காக. கூழில் தக்கைத் தூள் சேர்த்து, அச்சுக்குள் அழுத்தி எடுத்தார் என்று படித்தபோது எனக்கு உறைத்தது அந்தத் தக்கைதான். கனத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார். அவருடைய குதிரை குதிக்கக்கூட வேண்டியதில்லை.

பெரியவர் வீட்டில்

தை கடைசியில் பெரியவரைத் தேடி வீட்டுக்கே போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

“தலைக்குள்ள என்ன வெச்சீங்க?”

“பேப்பர் பந்து ஐயா. அதுக்கு மேல கூழ்.”

அவர் எழுந்து போய் மாடத்திலிருந்து ஒரு தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையை எடுத்துவந்தார். அதன் தலையை மட்டும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கோழிமுட்டை ஓடு மாதிரி இருந்தது. கம்பி முனையில் தொங்கும் அந்தத் தலை, லேசாக ஊதினாலே ஆடுகிறது. கனமாக இருந்தால் ஆடுமா?

“தலைக்கனம் புடிச்சா மனுசனே நிக்கமாட்டான் வாத்தியாரே. காகிதக் குதிரை எங்கேர்ந்து நிக்கும்?”

அவர் குதிரையைத்தான் சொன்னார். நான் அதை அப்படி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு, தட்டிப் பார்ப்பதற்கு அர்த்தம் சொன்னார். காய்ந்த காகிதக் கூடு தட்டினால் பேசும். சின்ன மேளம் மாதிரி ‘டங்’கென்று திரும்பக் குரல் கொடுக்கும். உள்ளே ஈரம் இருந்தால் ‘தொம்’மென்று அமுங்கிவிடும். அதற்குப் பெயர்தான் ஊமை. மேடை ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னாடியே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்; நான்தான் ஜோக் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது குதிரை

மாசி பிறந்ததும் தொடங்கினோம். இந்த முறை வெயில் எங்கள் பக்கம்.

தலைக்கு வாய்க்கால் களிமண்ணில் முழு உருவம் பிடித்தோம். நரம்பு, மூக்கு, கண் எல்லாம் களிமண்ணிலேயே. என் சிற்ப ஆசை அங்கே தீர்ந்தது. அதன்மேல் சாம்பலைத் தூவி, முதல் அடுக்குத் தாளைப் பசையே இல்லாமல் தண்ணீரில் நனைத்து மட்டும் ஒட்டினோம். அப்போதுதான் மண்ணைப் பிடித்துக்கொள்ளாது. அடுத்த அடுக்கிலிருந்து பசை. ஏழு அடுக்கு. மேல்தோல் இறுகியதும், பிடரியின் நடுக்கோடு வழியாகப் பிளேடால் வகிர்ந்து இரண்டு பாதியாக எடுத்தோம். களிமண் உள்ளேயே நின்றது, முகம் கையோடு வந்தது. இரண்டு பாதியும் வாயைத் திறந்து வைத்த சிப்பி மாதிரி வெயிலில் கிடந்து உள்ளும் புறமும் காய்ந்தன. பிறகு ஓரங்களைச் சேர்த்து, வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசையாகத் தாள் பட்டை ஒட்டித் தைத்ததுபோல் மூடினோம்.

தாளைக் கிழிப்பதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் ஓடும்போதே நார்கள் ஒரே திசையில் படுத்துவிடுவதால் இப்படி. அதனால் ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக ஒட்ட வேண்டும். கத்தரிக்கோலும் ஆகாது. கையால் கிழித்த ஓரத்தில் நார் பிசிறிட்டு நிற்கும், பக்கத்துத் தாளோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் படி மாதிரி தெரியும். எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று குழம்பாமலிருக்க ஒரு அடுக்கு தமிழ்ப் பேப்பர், ஒரு அடுக்கு இங்கிலீஷ் பேப்பர் என்று வைத்துக்கொண்டோம். தமிழ் மறைந்தால் அடுக்கு முடிந்தது. இதைச் சொன்னதும் தமிழாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கழுத்துக்குச் செய்தித்தாள் வேண்டாம், எழுதும் தாள் வேண்டும் என்று முடிவு செய்தோம். செய்தித்தாளின் நார் பலமற்றது, வெயிலில் மஞ்சளடித்து முறுகும். எழுதும் தாள் உறுதி. ஆனால் மை ஊறாமலிருக்க அதற்குப் பதம் ஏற்றியிருப்பார்கள், அதனால் பசையும் சட்டென்று ஊறாது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். அலுவலக அறையில் கழிவுக்கு ஒதுக்கிய பழைய பருவத்தேர்வு விடைத்தாள்கள் மூட்டையாகக் கிடந்தன. பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டோம்.

கழுத்தடி இணைப்புதான் உயிர்நிலை. உடம்புக் கூட்டுக்குள்ளிருந்து கழுத்தின் மேல்பக்கம் வரை ஓடும்படி நாலு விரல் அகலக் காடாத் துணிப் பட்டைகள் ஆறு. பசையில் நனைத்து, பிழிந்து, இழுத்துப் பிடித்து ஒட்டினோம். இழுவையைத் துணி வாங்கிக்கொள்ளும். வடிவத்தைத் தாள் பிடித்துக்கொள்ளும். தோள்பட்டையையும் இந்த முறை காகிதத்தில் ஓட்டை போட்டு மாட்டவில்லை, நேராக மூங்கில் சட்டத்தில் கட்டினோம். கட்டுக்கம்பிக்குப் பதில் சணல். கூழ் வேண்டவே வேண்டாம் என்று தள்ளிவிடவும் இல்லை. கண்ணிமை, மூக்குத்துளை ஓரம், பிடரிச் சுருள் என்று அழகுக்குத் தேவையான இடங்களில் சாக்பீஸ் தூள் கலந்து தோசைத் தடிமனுக்கு வைத்தேன்.

பசையில் ஒரு சங்கடம். புத்தகம் பைண்டு செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் அது விஷம். முப்பது பிள்ளைகள் முழங்கை வரை பசையில் கைவிட்டு அளைகிற இடத்தில் அதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றன்றைக்குத் தேவையான பசையை அன்றன்றைக்கே காய்ச்சுவது, மிஞ்சினால் கொட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி.

தராசு

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து ஏமாந்த அனுபவம் இருந்ததால், எடை போட்டுப் பார்ப்பது என்று முடிவு. பள்ளிக்கு எதிரே பழைய பேப்பர்க் கடை. தினமும் காலையில் இரண்டு பையன்கள் குதிரைக் கூட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எங்கிட்ட கிலோ கணக்குல வாங்கிட்டுப் போய் குதிரையாக்கி, திரும்ப எங்கிட்டயே எடைக்குக் கொண்டாறீங்களே வாத்தியாரே!”

கடைசி அடுக்கு ஒட்டிய அன்று கூடும் கழுத்தும் தலையுமாக 4.3 கிலோ. மறுநாள் 3.6. மூன்றாம் நாள் 3.1. ஐந்தாம் நாள் 2.8. ஆறாம் நாளும் 2.8. காய்ந்துவிட்டது என்று பெயின்ட் டப்பாவைத் திறக்கப் போனேன். ஏழாம் நாள் காலை 2.9.

தராசு பழுது என்று கடைக்காரரோடு வாதாடினேன். அவர் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துக் காட்டினார், தராசு சரி. முந்தைய ராத்திரி ஊரில் கோடை மழை பெய்திருந்தது. குதிரை வராந்தாவில்தான் இருந்தது, ஒரு சொட்டும் மேலே படவில்லை. ஆனால் காற்றிலிருந்த ஈரத்தைக் காகிதம் குடித்துவிட்டது, நூறு கிராம் அளவுக்கு. காகிதத்துக்குக் ‘காய்ந்து முடிந்த நிலை’ என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது, காற்றோடு அது கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதை அந்த நூறு கிராம் சொன்னது. முதல் குதிரையை அடைமழையில் செய்து எனாமலால் மூடியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பதும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. நாலு நாள் வெயிலுக்குப் பிறகு 2.8இல் நிலைத்தது. அப்போது தட்டிப் பார்த்தேன். டங்.

உள்பக்கத்துக்கு பெயின்ட் அடிக்கவில்லை. வெளியே சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் கலந்து ஒரு பூச்சு, உப்புத்தாள், அதன்மேல் போஸ்டர் கலர், மேலே மெல்லிசாக ஒரு கோட்டிங் வார்னிஷ். ஈரம் போகவேண்டுமென்றால் உள்பக்கமாகப் போய்க்கொள்ளட்டும். முழு அலங்காரத்தோடும் துணியோடும் மூங்கிலோடும் சேர்த்து 4.6 கிலோ, முதல் குதிரையில் பாதிக்கும் குறைவு. தலை மட்டும் 600 கிராம். இயற்பியல் ஆசிரியை கணக்கில் கழுத்தடி இழுவை ஏழரையிலிருந்து இரண்டரைக் கிலோவுக்குள் வந்துவிட்டது.

பெரியவர் வந்தார், தட்டினார். “பேசுதே” என்றார். அவ்வளவுதான். தோளில் மாட்டி, அந்த வயதிலும் வெறுங்காலில் நாலு அடி ஆடிக் காட்டினார்.

அதற்குப் பிறகு

சித்திரைத் திருவிழாவில் தொடங்கி இதுவரை பதினான்கு முறை மேடை ஏறிவிட்டது. கழுத்தில் விரிசல் இல்லை. பிரச்சினை வேறு இடங்களிலிருந்து வந்தது. அடிவிளிம்பு துணி உரசி உரசிப் பிசிறிட்டது. அதற்குக் காடாத் துணியால் கரை கட்டினோம். மூக்கு நுனி மேடைத் தூணில் மோதி ஒரு முறை நசுங்கியது. உள்ளே கைவிட்டு வெந்நீர்த் துணியால் ஈரமாக்கி நிமிர்த்தியதில் சரியாகிவிட்டது. மண் பொம்மையாக இருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்காது.

தீராத தொல்லை எலி. மயில்துத்தம் இல்லாத மைதாப் பசை என்றால் எலிக்கு விருந்துதான். அரைப்பரீட்சை விடுமுறை முடிந்து ஸ்டோர் ரூமைத் திறந்தால் வலது காது பாதி இல்லை. வசம்பு கட்டித் தொங்கவிட்டேன். பூச்சி குறைந்தது, எலி கண்டுகொள்ளவே இல்லை. இப்போது கூரைக் கொக்கியிலிருந்து நைலான் கயிற்றில் குதிரையை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். ராத்திரிக் காவலருக்கு முதல் இரண்டு நாள் கிலி. அடுத்த குதிரைக்குப் புளியங்கொட்டைப் பசை முயன்று பார்க்கலாம் என்று பெரியவர் சொல்கிறார். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்ச வேண்டும். பிள்ளைகள் இப்போதே கொட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். எலி அதையும் தின்னுமா என்று பார்க்க வேண்டும்.

முதல் குதிரை ஆடிய பையன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் ராஜா வேஷம் ஒரு பெண்ணுக்கு. முதல் ஒத்திகையில் அவள் கூட்டுக்குள் இறங்கி, பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே பார்த்தபடி அசையாமல் நின்றாள். எங்காவது விரிசலோ என்று பதறிப்போய் ஓடினேன். கழுத்தடியில், காடாப் பட்டைக்குப் பக்கத்தில், பசை காய்ந்து மங்கிய ஒரு விடைத்தாளில் விரலை வைத்திருந்தாள். நீல மையில் கோணல்மாணலாக ஒரு முக்கோணம், அதன்மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

“சார், இது என் கணக்குப் பேப்பர்.”